சாய்மனை அண்ணை படுத்துப் பார்த்த வீடுகள்

லண்டனில் சாய்மனை அண்ணையின் முதுகு படாத வீடு ஒன்றே ஒன்றுதான். அதில் மகாராணியார் குடியிருந்தார். அதுகூட வாடகைக்கு வரவில்லை என்பதால்தான் தப்பியது. வந்திருந்தால் அண்ணை சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய், நடு மண்டபத்தில் மல்லாந்து படுத்து, கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து, "கீழால குளிர் வருது, இது சரிவராது" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்திருப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருவரை நான் சந்தித்ததும் இல்லை. பெயர் தெரியாவிட்டால் உங்களுக்கு வருகிற கடிதத்தை எப்படிக் கொண்டுவந்து தருவார்கள் என்று ஒருமுறை கேட்டேன். தனக்குக் கடிதமே வருவதில்லை, அதனால் கரைச்சல் இல்லை என்றார். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்து வீடுகளில் காலை நீட்டிக் கிடக்கிற சாய்மனைக் கதிரை ஒன்று இருக்குமல்லவா, அதிலிருந்துதான் யாரோ ஒரு குறும்பன் இந்தப் பட்டத்தை எடுத்து வைத்தான். அண்ணைக்கு அதில் கோபமில்லை. தொலைபேசி எடுத்தால் அவரே "சாய்மனை கதைக்கிறன்" என்றுதான் தொடங்குவார்.

அப்டன் பார்க்கில் ஒரு புடவைக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தார். பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். ஊரெல்லாம் எழும்பி வேலைக்குப் போகிற நேரத்தில் வந்து படுக்கிற மனிதர். கீழே பேரம் பேசுகிற சத்தம், வெளியே பஸ், பக்கத்து அறையில் ரேடியோ எல்லாவற்றோடும் மல்லுக்கட்டி நித்திரை கொண்டு கொண்டு, கடைசியில் அதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிவிட்டார். ஒரு வீடு நல்ல வீடா, உறுதியாகக் கட்டிய வீடா என்பதை நின்றுகொண்டு சொல்லவே முடியாது என்பது அவர் கட்சி.

"நிண்டு பாத்தா பெயின்ற்தான் தெரியும், தம்பி. கிடந்து பாத்தாத்தான் வீடு தெரியும்" என்பார்.

யார் வீடு பார்க்கப் போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போவது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. கூலி கிடையாது, ஒரு தேத்தண்ணி போதும். முழங்காலுக்குக் கீழே தொங்குகிற ஒரு பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு வருவார். பாதி பாய், பாதி போர்வை. முதலில் மண்டபத்தில் படுப்பார். பிறகு படுக்கையறை. கடைசியாகக் குளியல் தொட்டி, தண்ணீர் இல்லாமல். அவர் படுத்திருக்கும்போது யாரும் பேசக்கூடாது. தரை மரமா கொங்கிறீற்றா, கார்ப்பெற்றுக்கு அடியில் ஈரம் இருக்கிறதா, மேல்வீட்டுக்காரர் சப்பாத்தோடு நடக்கிறவரா, தண்ணீர்க் குழாய் எந்தச் சுவருக்குள் இருந்து முனகுகிறது எல்லாம் முதுகு வழியாகவே அவருக்குப் போய்ச் சேரும் என்று நாங்கள் நம்பினோம். உண்மையில் பாதிக்குப் பாதி பிழையாகத்தான் சொல்வார். கொங்கிறீற்று என்று அவர் சத்தியம் செய்த ஒரு தரையில் எங்கள் நண்பன் ஒருவனின் கட்டில் கால் இறங்கிப் போயிற்று. ஆனால் அவர் சொல்கிற தோரணைக்கு முன்னால் யாருக்கும் மறுத்துப் பேச வாய் வராது.

ஃபாரஸ்ட் கேட்டில் நடந்த கதையை இன்றும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டுக்கார அம்மா பஞ்சாபிக்காரி, நல்ல மனுசி. வாடகை பேச வந்த ஆள் குசினிக்குள் போனதும் தடாலென்று தரையில் கிடப்பதைக் கண்டு, மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். அண்ணையோ கண்ணை மூடிக் கவனித்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் பொறுங்கோ, குழாய் சத்தம் கேக்குது" என்று தமிழில் சொன்னது அந்த அம்மாவுக்கு முனகலாகக் கேட்டிருக்க வேண்டும். வந்தவர்கள் விடவில்லை. கையில் பட்டியைச் சுற்றி பிரஷர் பார்த்தார்கள். அது உச்சத்தில் இருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வைத்து, மருந்து கொடுத்து அனுப்பினார்கள். வீடு கிடைக்கவில்லை. ஆனால் அண்ணையின் பிரஷர் கண்டுபிடிபட்டது அப்படித்தான்.

இன்னொரு வீட்டில் படுத்தவர் எழும்பவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் புருசன் பெண்சாதிச் சண்டை. விடுமுறைக்கு எங்கே போவது என்பதில் தொடங்கி, மாமியாரில் போய் நின்று, அழுகையில் முடியும் மட்டும் அண்ணை அசையாமல் கேட்டார். வீட்டைக் காட்ட வந்த ஆள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். முடிவில் எழும்பிக் கோட்டைத் தட்டிக்கொண்டு, சுவர் கடதாசி மாதிரி, வேண்டாம் என்றார். படியிறங்கும்போது, பிழை முழுக்க அந்தாளிலதான் என்றும் தீர்ப்புச் சொன்னார்.

வெம்பிளியில் ஒரு மாடிக் கட்டிடத்தில் அவர் லிஃப்டுக்குள் படுத்ததுதான் உச்சம். ஒரு கட்டிடத்தில் மனிதர் உயிரோடு ஏறுவது பெரிய காரியமில்லை, ஒருநாள் பெட்டியில் இறங்கவும் இடம் வேண்டும் என்பது அவர் வாதம். குறுக்கே படுத்து அளந்துகொண்டிருந்தபோது யாரோ கீழே பொத்தானை அமத்திவிட்டார்கள். கதவு மூடி லிஃப்ட் போய்விட்டது. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும், ஒரு குஜராத்தி மூதாட்டியோ பள்ளிப் பிள்ளைகளோ உள்ளே காலெடுத்து வைக்கப் போவார்கள், கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு கிடக்கிற அண்ணையைப் பார்ப்பார்கள், படியால் போவார்கள். அந்தக் கட்டிடத்தில் அதற்குப் பிறகு தமிழர் எவருக்கும் வீடு கிடைக்கவில்லை.

இப்படிப்பட்டவரை நான் ஏன் கூப்பிட்டேன் என்று கேட்பீர்கள். வேறு வழியில்லை.

நான் படிக்க வந்து, பிறகு ஒரு கணக்காளர் அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டவன். ஈஸ்ட் ஹாமில் ஏழு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். வீடு என்பது மரியாதைக்குச் சொல்வது. யன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் பழைய பேப்பரைத் திணித்திருந்தோம். காற்றடித்தால் அந்தப் பேப்பரே தன்னைத் தானே வாசிப்பது போலப் படபடக்கும். ஷிப்ட் முறையில் வேலை செய்தபடியால் கட்டில்களுக்கும் ஷிப்ட். ஒருவன் எழும்ப மற்றவன் படுப்பான். குளிர்காலத்தில் அதில் ஒரு வசதி, கட்டில் சூடாகவே இருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொழும்பில் எனக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி பெயர் சுகந்தி. யாழ்ப்பாணத்தில் குண்டு போடுகிற பொம்பருக்கும் சுட்டுக்கொண்டு திரிகிற ஹெலிக்கும் நடுவில் இருந்துவிட்டு வந்தவள். லொட்ஜ் அறையில் மின்விசிறி கொஞ்சம் பலமாகச் சுற்றினாலே எழும்பிக் குந்திவிடுவாள். நான் அவளோடு இருந்த அந்தச் சில நாட்களில் அவள் ஒழுங்காக நித்திரை கொண்டதை நான் காணவில்லை. அது எனக்கு நெஞ்சில் ஒரு பாரமாகவே இருந்தது. திரும்பி லண்டனுக்கு வந்து விசாவுக்காகக் காத்திருந்த மாதங்களில், நான் தொலைபேசியில் என்ன வேண்டும் என்று கேட்கிற போதெல்லாம் ஒரே பதில்தான்.

"எனக்கு வேற ஒண்டும் வேண்டாமப்பா. கண்ணை மூடி நித்திரை கொள்ளக்கூடிய இடமாப் பாருங்கோ."

நான் வாய் நிறைய வாக்குக் கொடுத்தேன். புதுக் கட்டிடம், கொங்கிறீற்றுத் தரை, இரட்டைக் கண்ணாடி யன்னல், அறைக்கு அறை ஹீற்றர், லிஃப்ட் எல்லாம் உள்ள மொடேர்ன் ஃபிளாட்டுக்குத்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போவேன் என்றேன். விசா வந்துவிட்டது. பயணச் சீட்டும் எடுத்தாயிற்று. வீடுதான் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வந்து இறங்கும்போது, ஆறு ஆம்பிளைகளுக்கும் ஒரு படபடக்கிற யன்னலுக்கும் நடுவில் கொண்டுபோய் அவளை எப்படி வைப்பது?

அந்த நாட்களில் வீட்டு விலைகள் விழுந்து கிடந்தன. கிழக்கே பழைய துறைமுகப் பக்கம் பெரிய உத்தியோகத்தருக்கென்று கட்டிய புத்தம் புது ஃபிளாட்டுகள் வாங்க ஆளில்லாமல் வாடகைக்கு வந்திருந்தன. அப்படி ஒன்றைப் பார்க்க ஒரு சனிக்கிழமை பின்னேரம் அண்ணையோடு போனேன். தரகர் அலுவலகத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெடியன் வந்திருந்தான். காற்சட்டையைத் தோளோடு இழுத்துப் பிடிக்கிற சிவப்பு வார், கையில் செங்கல் அளவு தொலைபேசி. அண்ணை வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் அவனும் ஏதோ சடங்கு என்று தானும் கழற்றினான். அவன் கால் மேசில் ஒரு ஓட்டை, பெருவிரல் வெளியே நின்றது. அன்றைக்கே அண்ணைக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

அந்த ஃபிளாட்டைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. யன்னல் முழுக்கத் தண்ணீர் தெரிந்தது. சுவர் வழவழவென்று இருந்தது. குசினியில் சாப்பிடுவதற்கென்று சுவரோடு சேர்த்து ஒரு உயரமான கல்மேசை. கதவைச் சாத்தினால் வெளியுலகம் இல்லை. அண்ணை மண்டபத்தின் நடுவில் கோட்டை விரித்துப் படுத்தார். என்னையும் படுக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்ற பெடியன், நிற்பதுதான் மரியாதைக் குறைவு என்று எண்ணினானோ என்னவோ, அவனும் வந்து எனக்குப் பக்கத்தில் நீட்டி நிமிர்ந்தான். மூன்று பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். எத்தனையோ வீடு காட்டியிருக்கிறேன், ஒரு வீட்டின் கூரையையும் பார்த்ததில்லை என்று அவன் மெதுவாகச் சொன்னான். உஷ் என்று அண்ணை அடக்கினார்.

ஒரு சத்தமில்லை. குழாய் முனகவில்லை. மேலே நடப்பவர் இல்லை. குளியல் தொட்டியிலும் படுத்து எழும்பி, அருமையான கட்டிடம் என்று அண்ணை தலையாட்டினார். நான் அங்கேயே கையெழுத்துப் போடத் துடித்தேன். அவர் விடவில்லை.

"சனிக்கிழமை ஆற்ற வீடும் அமைதியாத்தான் இருக்கும், தம்பி. வேலை நாளில ஒருக்காக் கிடந்து பாப்பம்."

எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் வேறு யாராவது எடுத்துவிட்டால் என்ன செய்வது? ஆனால் பெடியன் திங்கட்கிழமை காலை வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னான்.

திங்கட்கிழமை அண்ணை ஷிப்ட் முடிந்து நேரே வந்தார். கோட்டெல்லாம் பிஸ்கட் வாசம். பெடியன் பத்திரங்களைக் கல்மேசையில் பரப்பிப் பேனையின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினான். அண்ணை வழக்கம் போலப் படுத்தார். நான் பேனையை வாங்கிக் குனிந்தேன்.

அப்போதுதான் அது வந்தது. முதலில் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. பிறகு தூரத்தில் ஓர் இரைச்சல். அது கிட்ட வந்து, தாழ வந்து, நேரே எங்கள் தலைக்கு மேலே இறங்குவது போல வளர்ந்தது.

பிறகு நடந்ததை அந்தப் பெடியனைக் கேட்டால்தான் சரியாகச் சொல்வான். எனக்கு நினைவு வந்தபோது நான் கல்மேசைக்கு அடியில் குந்தியிருந்தேன். இரண்டு கையும் காதைப் பொத்தியிருந்தன. எனக்குப் பக்கத்தில் அண்ணை. மண்டபத்தின் நடுவில் மல்லாந்து கிடந்த மனிதர், அந்தப் பெரிய கோட்டோடு, எப்படி எனக்கு முன்னால் அங்கே வந்து சேர்ந்தார் என்பது இன்றைக்கும் எனக்கு விளங்காத விஷயம். எங்கள் முகத்துக்கு நேரே பெடியனின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. அதே ஓட்டை மேசு.

பக்கத்தில் ஒரு சிறிய விமான நிலையம் இருந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே விமானம் ஓடுவதில்லை. வேலை நாட்களில் உத்தியோகத்தர்கள் ஐரோப்பாவுக்குப் போய்வருகிற பிளேன்கள் அந்தக் கூரைக்கு மேலாகத்தான் இறங்கும். இதெல்லாம் பிறகு கேட்டறிந்தது. அந்த நேரம் எங்கள் இருவருக்கும் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், சத்தம் வந்தால் எதற்காவது அடியில் போக வேண்டும்.

இரைச்சல் தேய்ந்து போனது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நீர் ஊரை விட்டு வந்து எத்தினை வருசம், தம்பி?"

"கனகாலம் அண்ணை. பெரிய சண்டையெல்லாம் தொடங்க முதலே வந்திட்டன். ரெண்டு மூண்டு தரம்தான் பொம்பர் சத்தம் கேட்டிருப்பன்."

"அப்ப அந்தப் பிள்ளையை யோசிச்சுப் பாரும்" என்றார்.

நான் யோசித்தேன். பேனை இன்னமும் என் கையில் இருந்தது.

பெடியன் குனிந்து, ஏதும் விழுந்துவிட்டதா என்று கேட்டான். அண்ணை மேசையின் அடிப்பக்கத்தைக் கையால் தடவி, நல்ல வேலைப்பாடு, உறுதியான கல் என்று தன் இங்கிலீஷில் பாராட்டினார். பிறகு வெளியே தவழ்ந்து வந்து, வீட்டில் ஒரு குறையும் இல்லை, வானத்தில்தான் குறை என்றார். ஏன் என்று அவன் கேட்க, அண்ணை பெரிதாக விளக்கவில்லை. எங்கள் ஊரில் இந்தச் சத்தம் கேட்டால் வீடு இருக்காது என்று மட்டும் சொன்னார். பெடியன் பத்திரங்களை அடுக்கி எடுத்துக்கொண்டான்.

அந்தக் கிழமை நான் பைத்தியம் பிடித்தவன் போல அலைந்தேன். ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் பாலம், ஒன்றுக்கு முன்னால் தீயணைப்பு நிலையம், ஒன்றில் மேல்மாடியில் மேளம் பழகுகிற ஒருவன். அண்ணை ஷிப்ட் முடிந்து நித்திரை கொள்ளாமலே என்னோடு வந்து வந்து படுத்தார். கண் சிவந்து, முகம் வீங்கிப் போய்விட்டது. போய்ப் படுங்கோ அண்ணை என்றால், படுக்கத்தானே வாறன் என்பார்.

புதன்கிழமை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. சிவப்பு வார்ப் பெடியன். வெம்பிளிப் பக்கம் அவர்களுடைய மற்றக் கிளையிடம் ஒரு ஃபிளாட் வந்திருக்கிறது, ஐந்தாம் மாடி, கட்டி முடித்துக் கொஞ்சக் காலம்தான் என்றான். சத்தம் எப்படி என்று நான் கேட்டேன். கொஞ்சம் தயங்கினான். பிறகு, காலையில் தானே அங்கே போய்ப் படுத்துப் பார்த்ததாகவும், மண்டபம், அறை, குளியல் தொட்டி மூன்றிலும் படுத்ததாகவும், ஒன்றும் கேட்கவில்லை என்றும் சொன்னான். சொல்லிவிட்டு, இதைத் தன் மனேஜரிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டான்.

அன்று பின்னேரமே போனோம். யன்னலில் தண்ணீர் தெரியவில்லை. கல்மேசை இல்லை. ஆனால் செங்கல்லும் கொங்கிறீற்றும் சேர்த்து நெஞ்சு நிமிர்த்திக் கட்டிய கட்டிடம். பின்பக்க யன்னலைத் திறந்தால் கீழே ஒரு புல்வெளி. வெள்ளை உடுப்புப் போட்ட முதியவர்கள் குனிந்து குனிந்து ஒரு பந்தை உருட்டிவிட்டு, அது போய் நிற்கும் மட்டும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைவிட அமைதியான ஒரு விளையாட்டை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

அண்ணை கோட்டை விரித்துப் படுத்தார். நானும் பெடியனும் சுவரோடு சாய்ந்து நின்று தீர்ப்புக்குக் காத்திருந்தோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. தீர்ப்பு வரவில்லை. நான் கிட்டப் போய் அண்ணை அண்ணை என்று கூப்பிட்டேன். பதிலாக ஒரு குறட்டை வந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். திரும்பிப் படுத்தார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் குறட்டை விட விட, தரையில் முழங்காலைக் குத்திக்கொண்டு நான் எல்லாப் பத்திரங்களிலும் கையெழுத்துப் போட்டேன். பெடியன் வீட்டுத் திறப்பை என்னிடம் தந்துவிட்டு, அவரை எழுப்ப வேண்டாம் என்று சைகை காட்டிக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை சுகந்தி வந்தாள். ஹீத்ரோவிலிருந்து நேரே கூட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் வந்ததும் அறை அறையாகப் பார்த்தாள். எல்லா யன்னல்களையும் ஒருமுறை திறந்து மூடினாள். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நான் அறைக்குப் போனபோது, கட்டில் விரிப்புக்கூடப் போடாத மெத்தையில், குளிர்ச் சட்டையும் கழற்றாமல் படுத்து நித்திரையாகியிருந்தாள். தேத்தண்ணியைக் கீழே வைத்தேன், கோப்பை கொஞ்சம் சத்தமிட்டது. அவள் எழும்பவில்லை. நான் வெளியே வந்து குசினியில் நின்று அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாக அழுதேன்.

சனிக்கிழமை மத்தியானம் கதவை யாரோ விரலால் மெல்லத் தட்டினார்கள். அண்ணை. குட்டிச்சுவர் மாதிரிக் கிடக்கும் தலையை அன்றைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். கையில் துணியால் கட்டிய சட்டி, நண்டுக்கறி வாசம். சப்பாத்தை ஏற்கெனவே கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"பிள்ளை எங்க?"

"நித்திரை அண்ணை. நேற்றுப் பின்னேரம் படுத்தது. இடையில ஒருக்கா எழும்பிச் சாப்பிட்டவ. பேந்தும் நித்திரை."

அண்ணையின் முகம் மலர்ந்ததை நான் எழுதிக் காட்ட முடியாது. சட்டியை என் கையில் தந்தார். உள்ளே வாங்கோ, வந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கோ என்றேன். விரலை உதட்டில் வைத்து மறுத்தார். நான் லிஃப்டுக்குப் பொத்தானை அமத்தப் போனேன். சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். அது வந்து நிக்கேக்க மணி அடிக்கும்."

திரும்பி, கக்கத்தில் சப்பாத்தோடு, கோட்டு விளிம்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிரஷர்காரர் ஐந்து மாடிப் படியையும் மேசுக் காலோடு மெல்ல மெல்ல இறங்கினார். நான் கைப்பிடியில் சாய்ந்து அவர் தலை ஒவ்வொரு மாடியாகக் கீழே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் கிடையாது. அன்றைக்குப் பிறகு அந்தக் குறை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.